தாத்தா துப்பாக்கிக்கு சொத்துப் பட்டியல்ல ₹0 போடுங்க

எஸ்ஐபி, பிஎஃப், ஹோம் லோன், பழைய டாக்ஸ் ரெஜிமா புது ரெஜிமான்னு நிறைய பேசியாச்சு. இன்னைக்கு எந்த ஃபைனான்ஸ் சேனலும் தொடாத ஒரு சொத்தைப் பத்திப் பேசலாம்: பரண்ல கிடக்கிற இரட்டைக்குழல் துப்பாக்கி.

சிரிக்காதீங்க. என் ஆபீஸ் திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில, செங்கம் ரோட்டுப் பக்கம் இருக்கு. இந்த ஏரியாவுல பழைய வீடுகளை இடிச்சு ஹோம்ஸ்டேவும் அபார்ட்மென்ட்டும் கட்டுறது உங்களுக்கே தெரியும். வீட்டை இடிக்கிறதுக்கு முன்னாடி பாகப்பிரிவினைப் பேச்சு வரும். பட்டியல் போடுவாங்க: மனை, நகை, டெபாசிட், பித்தளை அண்டா. கடைசியில யாராவது ஒருத்தர் கேட்பார், "தாத்தாவோட துப்பாக்கி என்ன ஆச்சு? லண்டன்ல செஞ்சதாச்சே, லட்சக்கணக்குல போகுமே!"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்தத் துப்பாக்கிக்குப் பட்டியல்ல பூஜ்யம் போடுங்க. அதுல இருக்கிற எண்களும் லைசென்ஸ்ல இருக்கிற எண்ணும் ஒண்ணுன்னு எழுத்துபூர்வமா உறுதியாகிற வரைக்கும் அது சொத்து இல்லை, பொறுப்பு. பேலன்ஸ் ஷீட்ல எதிர்ப்பக்கம் உட்கார வேண்டிய ஐட்டம்.

விலை எங்கிருந்து வருது?

முதல்ல பெரியப்பா சொல்றதுல இருக்கிற உண்மையைப் பார்ப்போம். வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனிநபர் இறக்குமதி பண்றது 1980-கள்ல இருந்தே இந்தியாவுல கிட்டத்தட்ட மூடின கதவு. அதனால அதுக்கு முன்னாடியே உள்ளே வந்துட்ட ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட், பர்டி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், கிரீனர், வெப்லி அண்ட் ஸ்காட் மாதிரி ஆங்கிலேயத் துப்பாக்கிகளுக்கு இங்கே ஒரு அபூர்வ மதிப்பு இருக்கு. சென்னை மவுண்ட் ரோட்டுல கடிகாரத்துக்குப் பேர்போன பி.ஆர் அண்ட் சன்ஸ் கூட ஒரு காலத்துல தன் பெயர் பொறிச்ச துப்பாக்கிகளை வித்திருக்கு. ஜமீன், எஸ்டேட், பெரிய பண்ணை வீடுகள்ல இதெல்லாம் அப்படி வந்ததுதான்.

ஆனா சப்ளை குறைவுங்கிறது மட்டும் விலை ஆகாது, வாங்குறவன் வேணும். உங்க ஃபிளாட்டை யார் வேணும்னாலும் வாங்கலாம். துப்பாக்கியை லைசென்ஸ் உள்ளவர் மட்டும்தான் வாங்க முடியும். 2019 டிசம்பர்ல அமலான ஆயுதச் சட்டத் திருத்தம், ஒருத்தர் வெச்சுக்கக்கூடிய துப்பாக்கிகளை மூணுல இருந்து ரெண்டாக் குறைச்சது. வாரிசு முறையில வந்தாலும் இதே ரெண்டுதான் உச்சவரம்பு. மூணு வெச்சிருந்தவங்க ஒண்ணைக் கைவிட வேண்டிய நிலை. விக்கிறவங்க கூடினாங்க, வாங்கக்கூடியவங்களோட காலி இடம் குறைஞ்சது. இது விலையை எந்தப் பக்கம் தள்ளும்னு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

"லண்டன் ஏலத்துக்கு அனுப்பலாமே?" அதுவும் சுலபமில்லை. ஏற்றுமதிக்குத் தனி அனுமதி வேணும். நூறு வருஷம் தாண்டின, வரலாற்று மதிப்புள்ள பொருளா இருந்தா 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அந்தச் சட்டப்படி தனியார் தொல்பொருளை ஏற்றுமதி பண்ணவே முடியாது.

எண் ஏன் இவ்வளவு முக்கியம்?

இரட்டைக்குழல் துப்பாக்கி ஒரே துண்டு இல்லை. மூணு பகுதியாக் கழட்டலாம். ஒண்ணு, குழல்கள். ரெண்டு, பின்கட்டையோட சேர்ந்த இயந்திரப் பகுதி. இதை ஆக்‌ஷன்னு சொல்வாங்க. மூணு, குழலுக்குக் கீழே கை பிடிக்கிற முன்கட்டை. நல்ல தயாரிப்பாளர்கள் இந்த மூணுலயும் ஒரே சீரியல் எண்ணைப் பொறிப்பாங்க. கழட்டி மாட்டக்கூடிய பொருள்ங்கிறதாலதான் இந்த ஏற்பாடு. பல துப்பாக்கிகள் ஒரே இடத்துல கழட்டி வெச்சிருந்தா, எந்தக் குழல் எதோடதுன்னு எண்தான் சொல்லணும்.

குழலோட அடிப்பக்கம் இன்னொரு முத்திரையும் இருக்கும். அது வெடிச் சோதனை முத்திரை. லண்டன்ல 1637-ல சாசனம் பெற்ற துப்பாக்கிக் கைவினைஞர் சங்கமும், பர்மிங்காம்ல 1813-ல தொடங்கின சோதனைச்சாலையும் ஒவ்வொரு குழலையும் அதிக அழுத்தத்துல சுட்டுப் பார்த்து அப்புறம்தான் முத்திரை குத்தும். இந்த முத்திரைகள் காலத்துக்குக் காலம் மாறினதால, குழல் எந்தக் காலத்துதுன்னு தெரிஞ்சவங்க படிச்சிடுவாங்க. ஆக்‌ஷன் 1890-கள்ல செஞ்சது, குழல்ல இருக்கிற முத்திரை 1950-களோடதுன்னா, நடுவுல யாரோ குழலை மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம்.

எண் பொருந்தலைன்னா எல்லாமே மோசடியா? இல்லை. நாலு விதமா இருக்கலாம்.

ஒண்ணு, தயாரிப்பாளரே புதுக் குழல் போட்டது. தேஞ்சு போன குழலை எடுத்துட்டு அதே கம்பெனி புதுசு போட்டு அதே பழைய எண்ணைப் பொறிச்சிருக்கும். அதோட பதிவேட்டுலயும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரிஜினல் குழலோட இருக்கிறதைவிட விலை குறையும். ஆனா இது நேர்மையான துப்பாக்கி.

ரெண்டு, ஜோடி மாறினது. பணக்காரங்க அந்தக் காலத்துல அடுத்தடுத்த எண் உள்ள ரெண்டு துப்பாக்கியை ஜோடியா வாங்குவாங்க. மேல 1, 2-ன்னு பொறிச்சிருக்கும். அண்ணன் தம்பி பிரிச்சுக்கும்போது ஒண்ணோட குழல் இன்னொண்ணோட ஆக்‌ஷன்ல போயிடலாம். கடைசி இலக்கம் மட்டும் வேறயா இருந்தா முதல்ல இதைத்தான் சந்தேகப்படணும். இன்னொரு பாதி எங்கேயோ ஒரு சித்தப்பா வீட்டுல இருக்கும்.

மூணு, லைசென்ஸ் எழுதினவரோட பிழை. துப்பாக்கியில சீரியல் எண் மட்டும் இருக்காது. பேடன்ட் எண், சோதனை முத்திரை எண், குழல் அளவுன்னு பல எண் இருக்கும். அம்பது வருஷத்துக்கு முன்னாடி எழுதினவர் எதைப் பார்த்து எழுதினாரோ, அதுதான் இன்னைக்கு வரைக்கும் ரெக்கார்டு.

நாலாவதுதான் ஆபத்து. சம்பந்தமே இல்லாத வேற துப்பாக்கியோட குழல், இல்லைன்னா எண்ணை ராவி எடுத்துட்டு வேற எண் அடிச்சது.

நாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். பரண்ல இருந்து இறக்கிப் பார்க்கிற உங்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனா சட்டத்துக்கு முன்னாடி நிக்கப்போறது நீங்கதான்.

நிரூபிக்க வேண்டியது நீங்க

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 8-ஐ ஒருமுறை படிங்க. துப்பாக்கியில இருக்கிற பெயரையோ எண்ணையோ அழிக்கிறது, மாத்துறது, போலியாப் பொறிக்கிறது குற்றம். அது எல்லாரும் எதிர்பார்க்கிறதுதான். அதிர்ச்சி அடுத்த வரியில இருக்கு. எண் இல்லாத, அல்லது எண் அழிக்கப்பட்ட, மாத்தப்பட்ட துப்பாக்கி ஒருத்தர் கையில இருந்தா, அவரே அதைச் செஞ்சதா சட்டம் அனுமானிக்கும். இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது அவர்.

"அது அந்தக் காலத்து துப்பாக்கி சார், அப்படித்தான் வந்துச்சு"ன்னு சொல்லலாமா? சட்டம் 1962 அக்டோபர் 1-ல அமலானப்போ, அப்படி எண் இல்லாம ஏற்கெனவே வெச்சிருந்தவங்களுக்கு ஒரு வருஷம் அவகாசம் கொடுத்தாங்க. அந்த அவகாசம் உங்க அப்பா ஸ்கூல்ல படிக்கும்போதே முடிஞ்சு போச்சு.

எண் இருக்கட்டும், லைசென்ஸே இல்லைன்னா? தாத்தாவோட லைசென்ஸ் அவர் பேர்ல மட்டும்தான். அவர் காலமானதுக்கு அப்புறம் அது பரண்ல கிடந்தா, லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்த கணக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் இதுக்குக் குறைந்தபட்சம் 2 வருஷம், அதிகபட்சம் 5 வருஷம் சிறை. உங்களுக்கு இன்னொரு விஷயமும் இருக்கு. ஒரு எஃப்ஐஆர் வந்தா பாஸ்போர்ட், விசா, அடுத்த கம்பெனியோட பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் எல்லாத்துலயும் அது நிக்கும். சம்பளக்காரனோட பெரிய சொத்து அவனோட எதிர்காலச் சம்பளம்தான். அதை ஒரு துருப்பிடிச்ச இரும்புக்கு அடமானம் வைக்காதீங்க.

எண்ணோட வலிமைக்கு ஒரு வரலாற்று உதாரணம். 1914 ஆகஸ்ட் 26 அன்னைக்கு கல்கத்தாவுல ரோடா கம்பெனிக்கு வந்த சரக்குல இருந்து 50 மவுசர் பிஸ்டல்களைப் புரட்சியாளர்கள் கடத்தினாங்க. ஒவ்வொரு பிஸ்டலோட எண்ணும் கம்பெனி ரெக்கார்டுல இருந்தது. அதனால பின்னாடி வங்காளத்துல எங்கே ஒண்ணு பிடிபட்டாலும் அது அந்தச் சரக்குதான்னு போலீஸால சொல்ல முடிஞ்சது. நூறு வருஷத்துக்கு முன்னாடி பேப்பர் லெட்ஜர்லயே இதுன்னா, இன்னைக்கு தேசிய டேட்டாபேஸும் தனி அடையாள எண்ணும் இருக்கிற காலத்துல பொருந்தாத எண் வெளியே வராம இருக்கும்னு நம்பாதீங்க.

"பட்டறையில சரி பண்ணிக்கலாமே"

தயவுசெய்து இந்த யோசனை மட்டும் வேண்டாம். துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே அதுக்கான லைசென்ஸ் உள்ள டீலர் வேணும். லேத் பட்டறைக்காரர் தொட்டா அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீங்க. பழைய குழல் ஒண்ணைத் தனியா வாங்கி மாட்டலாம்னா, சட்டத்துல ஆயுதம்ங்கிற சொல்லுக்குள்ளேயே அதன் பாகங்களும் அடங்குது. குழலை வெட்டிக் குட்டையாக்குறது அதைவிடப் பெரிய குற்றம்.

பாதுகாப்பும் இருக்கு. பழைய குழல்கள் பல கரும்பொடி வெடிமருந்துக்குச் சோதனை பண்ணினது. பல பழைய 12 போர் துப்பாக்கிகளோட அறை நீளம் 65 மில்லிமீட்டர். இன்னைக்குக் கிடைக்கிற 70 மில்லிமீட்டர் தோட்டாவை அதுல போட்டுச் சுட்டா முகத்துக்கு முன்னாடியே வெடிக்கலாம்.

"அது வேலையே செய்யாது, ஷோகேஸ்ல வைக்கிறேன்" என்பீங்க. பிரிவு 45-ல பழங்காலப் பொருளுக்கு விலக்கு இருக்கு, உண்மை. ஆனா வாசகத்தைக் கவனிங்க: பழுது பார்த்தாலும் பார்க்காட்டியும் துப்பாக்கியாப் பயன்படுத்த முடியாத நிலையில இருக்கணும். பழசா இருக்கு, சுடலைங்கிறது மட்டும் போதாது. அதை முடிவு பண்ணுறவர் நீங்க இல்லை.

ஒரு பாகப்பிரிவினைக் கணக்கு

என்கிட்ட வந்த ஒரு குடும்பம். அண்ணன் உள்ளூர், தம்பி பெங்களூர்ல ஐடி வேலை. மனையில அண்ணனுக்குக் கொஞ்சம் கூடுதல், அதுக்கு ஈடா தம்பிக்குத் தாத்தா துப்பாக்கி, மதிப்பு ₹6 லட்சம்னு பெரியவங்க பேசி முடிச்சிருந்தாங்க. தம்பிக்கும் சந்தோஷம், சின்ன வயசுல தாத்தா கூடவே திரிஞ்ச பிள்ளை.

நான் கேட்டது ரெண்டே கேள்வி. லைசென்ஸ்ல என்ன எண்? குழல்ல என்ன எண்? லைசென்ஸ் புத்தகத்துல இருந்தது ஆக்‌ஷன் எண். குழல்ல இருந்தது முற்றிலும் வேற எண், வேற கம்பெனி பேர். தாத்தா காலத்துல எப்பவோ மாத்தின குழல். யார் மாத்தினாங்கன்னு ஒரு துண்டுச் சீட்டும் இல்லை.

அந்த ₹6 லட்சம் மனையில நிஜம், துப்பாக்கியில கற்பனை. அண்ணனுக்குக் கிடைச்ச கூடுதல் சதுர அடியை நாளைக்கே பேங்க்ல அடமானம் வைக்கலாம். தம்பிக்குக் கிடைச்சதை வெளியே எடுத்துட்டு நடக்கக்கூட முடியாது. ₹6 லட்சத்தை 7% டெபாசிட்ல போட்டிருந்தா வருஷத்துக்கு ₹42,000. துப்பாக்கி வருஷா வருஷம் தர்றது டீலர் வாடகை, லைசென்ஸ் கட்டணம், தேர்தல் வந்தா ஸ்டேஷன்ல ஒப்படைக்க லீவு.

யாரும் யாரையும் ஏமாத்தலை. அதுதான் இதுல சிக்கலே. எல்லாரும் பாசத்துல ஒரு விலை சொன்னாங்க, யாரும் எண்ணைப் பார்க்கலை. கடைசியில பத்திரத்துல துப்பாக்கிக்கு ₹0. மனையைச் சமமாப் பிரிச்சாங்க. துப்பாக்கி சட்டப்படி ஒப்படைக்கப்பட்டு, என்னைக்காவது விலை போனா அந்தப் பணத்துல ரெண்டு பேருக்கும் பாதிப் பாதின்னு ஒரு வரி சேர்த்தாங்க. தம்பி ஒரு கேள்விதான் கேட்டான்: "அப்ப தாத்தா ஞாபகமா எனக்கு என்ன சார்?" தாத்தாவோட லைசென்ஸ் புத்தகத்தை ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கச் சொன்னேன். அதுல அவர் இளமை போட்டோ இருந்தது.

வித்தா வரி?

வாரிசா வந்ததுக்கு வரி இல்லை. எஸ்டேட் டியூட்டியை 1985-லயே எடுத்துட்டாங்க. விக்கும்போதுதான் கேள்வி. சொந்த உபயோகப் பொருள்னா மூலதன ஆதாய வரி வராது. ஆனா பரண்ல இருபது வருஷம் கிடந்தது சொந்த உபயோகமா? மகாராஜா ராணா ஹேமந்த் சிங்ஜி வழக்குல 1976-ல உச்ச நீதிமன்றம், பூஜைக்கு மட்டும் வெளியே எடுத்த தங்க நாணயங்களையும் வெள்ளிக் கட்டிகளையும் சொந்த உபயோகப் பொருளா ஏத்துக்கலை. அந்த வெளிச்சத்துல பார்த்தா, ஆதாயத்தைக் காட்டிடறதுதான் பாதுகாப்புன்னு நான் சொல்வேன். 2001 ஏப்ரல் 1-ம் தேதி சந்தை மதிப்பை அடக்க விலையா எடுத்துக்கலாம், நீண்டகால ஆதாயத்துக்கு 12.5% வரி. ₹2 லட்சமோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்காதீங்க. வாங்கின அளவுக்கே அபராதம் வரும்.

சரி, என்ன செய்யணும்?

தாத்தா உயிரோட இருந்தா இன்னைக்கே பேசுங்க. ஆயுத விதிகள் 2016, விதி 25-படி லைசென்ஸ்தாரருக்கு 70 வயசு ஆனாலோ, துப்பாக்கியை 25 வருஷம் வெச்சிருந்தாலோ, அவர் இருக்கும்போதே ஒரு வாரிசைக் குறிப்பிட்டு அந்த வாரிசுக்கு லைசென்ஸ் கேட்கலாம். குழல் எப்போ, எங்கே, ஏன் மாத்தினாங்கன்னு தெரிஞ்ச ஒரே சாட்சி அவர்தான். அதை அவர் கையாலயே எழுதி வாங்குங்க.

அவர் காலமாகிட்டாரா? துப்பாக்கியைக் கார் டிக்கியில போட்டு ஊர் ஊராச் சுத்தாதீங்க. ஒரு வக்கீலை வெச்சு, தாமதமில்லாம பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்க ஏற்பாடு பண்ணுங்க. பிரிவு 21 இதுக்குத்தான் இருக்கு. ரசீதுல மூணு பகுதியோட எண்ணையும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. "12 போர் துப்பாக்கி ஒன்று"ன்னு மட்டும் எழுதின ரசீது பின்னாடி உதவாது.

ரெக்கார்டு தேடும்போது ஒரு உள்ளூர் விவரம். திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆனது 1989-ல. அதுக்கு முந்தைய லைசென்ஸ் வட ஆற்காடு மாவட்டத்துல, வேலூர் தலைமையிடத்துல கொடுத்தது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல கிடைக்கலைன்னா கைவிடாதீங்க, வேலூர்லயும் கேளுங்க.

எண் வேற வேறயா இருந்தா அதை மறைக்காம மனுவுலயே எழுதுங்க. நீங்களா முன்வந்து சொன்ன வேறுபாடு விளக்கம் ஆகும். அவங்களா கண்டுபிடிச்ச வேறுபாடு வழக்கு ஆகும்.

எல்லா எண்ணும் பொருந்தி, லைசென்ஸும் உங்க பேருக்கு மாறினா? தாராளமா வெச்சுக்கங்க, விக்கணும்னாலும் வில்லுங்க. லைசென்ஸ் உள்ள தனிநபருக்கு விக்கிறதா இருந்தா கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ வாங்குறவர் விவரத்தோட எழுத்துல தெரிவிச்சு, 45 நாள் கழிச்சுத்தான் கைமாத்தணும்.

அதுவரைக்கும் சொத்துப் பட்டியல்ல ₹0. உங்க வீட்டுல பாகப்பிரிவினைப் பேச்சு ஓடிட்டிருந்தா, கையெழுத்துக்கு முன்னாடி அந்த ஒரு வரியை மட்டும் திருத்திட்டு வாங்க. வாரிசு லைசென்ஸ் மனு, கூட வைக்க வேண்டிய பேப்பர்கள், மத்த வாரிசுகளோட சம்மதக் கடிதம் எப்படி எழுதணும்ங்கிறதை அடுத்த வீடியோவுல ஒவ்வொண்ணாப் பார்க்கலாம்.